அக்கறை என்ற பெயரில் சிமெண்ட்

சென்னைக்கு மேற்கே, நூறாண்டைக் கடந்த ஒரு ரயில் நிலையத்தின் புதுப்பிப்புப் பணியில் மேற்பார்வைப் பொறியாளராக இருந்தேன். வேலை தொடங்கும் முன் ராயபுரம் நிலையத்தைப் போய்ப் பார்த்தோம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று அங்கிருந்துதான் ஆற்காட்டுக்கு அருகிலுள்ள வாலாஜா சாலை நிலையத்துக்குப் புறப்பட்டது. பம்பாயின் போரி பந்தர் நிலையமும் தாணே நிலையமும் ராயபுரத்தைவிட 3 ஆண்டு மூத்தவை. ஆனால் அந்த முதல் கட்டடங்கள் இன்று இல்லை. நாட்டில் எஞ்சியிருக்கும் நிலையக் கட்டடங்களில் மூத்தது ராயபுரம்தான். 1873-இல் சென்ட்ரல் வந்தபின் அதன் மவுசு குறைந்தது. குறைந்ததால்தான் இடித்துப் பெரிதாகக் கட்ட யாருக்கும் தோன்றவில்லை என்று நினைக்கிறேன். புறக்கணிப்பும் சில நேரம் காவல்தான்.

எங்கள் நிலையத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. வந்தவர்கள் எல்லாம் அதன்மேல் அக்கறை காட்டியிருந்தார்கள். அக்கறை என்றால் சிமெண்ட்.

சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய செங்கல் சுவர் நிலத்தின் ஈரத்தை இழுக்கும், பூச்சு வழியாக வெளியே விட்டும்விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. அதோடு வந்த உப்பு உள்ளேயே படிந்து செங்கல்லை மாவாக்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் சுவர் கல் மாதிரி நிற்கும். வயதான கொத்தனார் ஒருவர் கரணைப் பிடியால் தட்டிக்கொண்டே போவார். கணீரென்று கேட்டால் நகர்ந்துவிடுவார். பொத்தென்று கேட்ட இடத்தில் கரியால் ஒரு வட்டம். டிக்கெட் கவுண்டருக்குக் கீழே அப்படிப்பட்ட ஒரு வட்டத்தில் உளி வைத்தபோது சிமெண்ட் பாளமாகப் பெயர்ந்தது. பாதிச் செங்கல்லும் அதோடு வந்தது. “இதைச் சும்மா விட்டிருந்தாலே நன்றாக இருந்திருக்கும், சார்” என்றார்.

கூரை மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட தட்டைக் கூரை. கறையான் தின்ற தேக்கு உத்தரங்களை மாற்றியதோடு அங்கே வேலை முடிந்தது.

சுவர்தான் நாட்களை விழுங்கியது. நீற்றிய சுண்ணாம்பு, சுர்க்கி என்ற செங்கல் தூள், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். மெல்லிசாக ஒரு பூச்சு. அது இறுகிய பிறகே அடுத்தது. ஒப்பந்தத்தில் பூச்சுக்குத் தொகை உண்டு, காத்திருப்பதற்கு இல்லை. பார்வையிட வந்த அதிகாரிகள் எல்லாரும் கேட்டது, எப்போது வெள்ளையடிப்பீர்கள் என்பதைத்தான்.

கடைசி வாக்குவாதம் டைல்ஸ் பற்றியது. வெற்றிலை எச்சிலைக் கழுவ வசதியாக நடைமேடைச் சுவரின் கீழ்ப்பகுதியில் ஒட்டச் சொன்னார்கள். ஒட்டியிருந்தால் உப்பு மறுபடி உள்ளே அடைபட்டிருக்கும். சுண்ணாம்பில் செங்காவி கலந்து இடுப்பளவுக்கு அடித்துக் கொடுத்தோம். எச்சில் பட்டாலும் தெரியாது என்றதும் ஒப்புக்கொண்டார்கள்.