பண்ணைப் பங்கு: பணம் கட்டும் முன் கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள்

பருவத் தொடக்கத்தில் பணத்தைக் கொடுத்துவிட்டு, விளைவதை வாரா வாரம் பையில் வாங்கிக்கொள்வதுதான் பண்ணைப் பங்கு. மழை பொய்த்தால் பை சிறுக்கும். அதனால் சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு விலையைக் கேட்பதற்கு முன் தண்ணீரைப் பற்றிக் கேட்க வேண்டும்.

நம் ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில், உச்சிப்புளி, மண்டபம் பக்கத்து மணலில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய அடுக்காக நிற்கிறது. மோட்டாரை நெடுநேரம் ஓடவிட்டால் அடியிலிருக்கும் உப்பு மேலேறும். தையில் இனிக்கும் கிணறு சித்திரையில் கரிக்கலாம். கத்தரி இலையின் ஓரம் கருகியிருந்தால் உப்பு ஏறத் தொடங்கியிருக்கலாம், விசாரியுங்கள். பீன்ஸும் தருவோம் என்று உறுதி சொன்னால் இரண்டு முறை யோசியுங்கள், உப்பைக் கொஞ்சமும் தாங்காத செடி அது. கண்மாய்ப் பாசனமாக இருந்தால் எல்லாமே ஐப்பசி, கார்த்திகை மழையின் கையில். பாதிப் பணத்தை விதைப்பின்போதும் மீதியைக் கண்மாயில் தண்ணீர் நின்ற பிறகும் தருவதாகப் பேசி, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் வருடம் தை முதல் பங்குனி வரைக்கும் மட்டும் சேர்வது நல்லது. கத்தரி, வெண்டை, கொத்தவரை, சுரை எல்லாம் அப்போதுதான் நிறைந்து வரும், தையில் பனங்கிழங்கும் உண்டு. கார்த்திகை அடைமழையில் கீரை அழுகிவிடும். சித்திரைக்குப் பிறகு முருங்கையும் நுங்கும்தான் பெரும்பாலும்.

பெரியவர்கள் இருவர், ஐந்து வயதுக்குள் பிள்ளைகள் இருவர் என்றால் வாரம் 4 முதல் 5 கிலோ காயும் 3 கட்டுக் கீரையும் போதும். முழுப் பங்கு மிஞ்சும். பக்கத்து வீட்டோடு சேர்ந்து எடுப்பதாக இருந்தால் வாரம் மாற்றி வாரம் வேண்டாம், அன்றைக்கே பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள், கீரை காத்திருக்காது. மூன்று வாரம் தொடர்ந்து கத்தரியே வந்தால் பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுவார்கள். வேண்டாத காயை வைத்துவிட்டு வேறொன்றை எடுக்க ஒரு மாற்றுக் கூடை உண்டா என்று முதலிலேயே கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கீரையைக் கழுவ வேண்டாம். வேரை நறுக்கி, பிழிந்த ஈரத் துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள், இரண்டு மூன்று நாள் தாங்கும். மணலும் மண்பானையும் வைத்துக் குளிர்விக்கும் முறை உள்நாட்டில் நன்றாக வேலை செய்யும். கடலோரத்து ஈரக் காற்றில் அவ்வளவாகப் பலிக்காது.

பிள்ளைகளைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போவது கட்டாயம் என்றே சொல்வேன். தானே பறித்த காயைக் குழந்தை ருசி பார்க்கும். தக்காளி, தட்டைப்பயறு பறிக்க விடுங்கள். வெண்டை வேண்டாம், சுணை கையை அரிக்கும். பனையடியில் கருக்கு மட்டை காலைக் கிழிக்கும், சீமைக்கருவேல முள் மெல்லிய செருப்பைத் துளைக்கும். கெட்டியான அடி கொண்ட செருப்பு போட்டு விடுங்கள். கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறு இருந்தால் ஒரு பெரியவர் பிள்ளைகளை விட்டு நகரவே கூடாது.

மாசி, பங்குனியில் களமெங்கும் முண்டு மிளகாய் காயும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மிளகாய்தான், ஆனாலும் அந்தப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். கையில் பட்டால் வெறும் தண்ணீரில் போகாது. தேங்காயெண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்புப் போடுங்கள். கண்ணில் பட்டால் எண்ணெய் கூடாது. கசக்க விடாமல் சுத்தமான தண்ணீரை 15 நிமிடம் ஊற்றிக்கொண்டே இருங்கள்.