அணி இலக்கணத்துக்கு எங்க மலையே போதும்

படிக்கிற புள்ளைங்ககிட்ட அணின்னு வாயைத் திறந்தாலே "எத்தனை மார்க்கு"ன்னு தான் கேக்குதுங்க. எங்க அக்கா மக இன்னும் ஒரு படி மேல, "சித்தி, உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம், வேற்றுமை, சிலேடை, இதுக்குள்ள தான் கேப்பாங்க, மிச்சத்தை விட்டுருங்க"ன்னு எனக்கே சிலபஸ் போட்டுக் குடுத்துட்டா. தண்டியலங்காரம்ங்கிற அணி நூலு பொருளணியிலயே 35 சொல்லுதுடின்னு சொன்னதுக்கு ஒரு பார்வை பாத்தா பாருங்க. அவளைக் குத்தம் சொல்லி என்ன பண்றது, அணின்னா செய்யுளுக்கு அழகு சேக்கிறதுன்னு முதல் வரியிலயே சொல்லிக் குடுத்துடறோம், அழகு தானே, இருந்தா இருக்கு இல்லன்னா போகுதுன்னு ஆயிடுது.

எனக்கு அந்த விளக்கமே பிடிக்கறதில்ல. நேரா சொன்னா கேக்குறவனுக்குக் கோவம் வரும், இல்ல சொல்றவளுக்கு மானம் போகும், அப்படிப்பட்ட விஷயத்தைச் சுத்தி வளைச்சு அவன் காதுல போட்டுடறதுக்குத் தான் பாதி அணி இருக்குன்னு நான் நெனைக்கிறேன். அதுக்கு உதாரணம் தேடி மதுரைக் கோட்டைக் கொடி கோவலனை வராதேன்னு கை காட்டுற இடம் வரைக்கும் போகணும்னு இல்ல (அது நல்ல இடம் தான், ஆனா எல்லா நோட்ஸ்லயும் அதே ஒண்ணு). பழனி மலையைச் சுத்தியே வேணுங்கிற அளவு பாட்டு கெடக்கு.

நாங்க இருக்கிறது கீழ்மலை, தாண்டிக்குடி பக்கம். சங்கப் பாட்டுல பொதினின்னு வர்றது பழனி. அகநானூறுல கடவுள் வாழ்த்தை விட்டுட்டா முதல் பாட்டுலயே வந்துடுது, மாமூலனார் பாடினது, நெடுவேள் ஆவிங்கிற தலைவனோட பொதினின்னு. பாட்டு என்னவோ பிரிவைப் பாடுற பாலைத்திணை. புருஷன் சம்பாதிக்கப் போயிட்டான், இவ தோழிகிட்ட பொலம்புறா, உன்னை விட்டுப் பிரியவே மாட்டேன்னு சொன்னாரே அதை மறந்துட்டாரோன்னு. அந்தப் பிரியாத்தனத்துக்கு அவ சொல்ற உவமையைப் பாருங்க:

சிறுகா ரோடன் பயினொடு சேர்த்திய
கற்போற் பிரியலம் என்ற சொற்றாம்
மறந்தனர் கொல்லோ தோழி

காரோடன்னா சாணைக்கல்லு செய்யிறவர், பயின்னா அரக்கு. கல்லையும் அரக்கையும் சேத்து இறுக்கி வெச்ச மாதிரி ஒட்டி இருப்போம்னு அவன் சொல்லிருக்கான். காதலுக்குப் போயி சாணைக்கல்லான்னு தோணும். எங்க தோட்டத்துல கவாத்துக்கு முன்னாடி ஆளுங்க கத்தி தீட்ட உக்காந்தாங்கன்னா காலைல பாதி நேரம் அதுலயே போயிரும், தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சு தேய்ச்சு, கட்டை விரலை வெச்சுப் பாத்து, திரும்பத் தேய்ச்சு. வருஷம் பூரா இரும்பு உரசுற சாமான் அது. தேய்ஞ்சு நடுவுல பள்ளம் விழும், ஆனா பொளந்து ரெண்டா வராது. பூவும் மணமும், நகமும் சதையும்னு எத்தனையோ சொல்லிருக்கலாம், அதுல உரசலே இல்லையே. உரசல் இருந்தும் விடாத ஒண்ணைத் தேடிப் பிடிச்சிருக்காரு அந்தப் புலவர்.

அதோட முடியல. பாட்டு மேல போகப் போக அவன் போன காட்டைச் சொல்லுது, மரம் பட்டுப் போச்சு, சுனை வத்திப் போச்சு, "உகுநெல் பொரியும் வெம்மைய"ன்னு வருது, அதாவது கீழ சிந்துன நெல்லு தரையிலயே பொரியிற சூடு. இப்ப அரக்கை நெனைச்சுப் பாருங்க. அரக்கு சூட்டுல என்ன ஆகும்? இது நானா சேத்துப் படிக்கிறது தான், ஆனா மேல அரக்கையும் கீழ நெல்லு பொரியிற சூட்டையும் ஒரே பாட்டுல வெச்சவரு சும்மா வெச்சிருப்பாருன்னு என்னால நம்ப முடியல. உருகிடுச்சோன்னு அவ வாயைத் திறந்து கேக்கவே இல்ல, கேக்காமலே கேட்டாச்சு.

அடுத்தது அந்த ஆவியோட ஆவியர் குடியில வந்த பேகன், மயிலுக்குப் போர்வை குடுத்தவரு, ஸ்கூல்ல எல்லாரும் சிரிச்ச அதே ஆளு. புறநானூறு 142ல பரணர் அவரை மழைக்கு ஒப்பிடுறாரு. வள்ளலை மழைன்னு சொல்றது அன்னைக்கே பழகிப் போன உவமை. தொல்காப்பியம் உவமையை வினை, பயன், மெய், உருன்னு நாலா பிரிக்குது, அதுல பயன் உவமைக்கு "மாரி அன்ன வண்கை"ன்னு தான் உதாரணமே சொல்லுவாங்க. மழையால பயன், கையால பயன், சரியாப் போச்சு. ஆனா பரணர் மழையோட பயனைத் தொடல, மழை செய்யிற காரியத்தைத் தொடுறாரு:

அறுகுளத் துகுத்தும் அகல்வயல் பொழிந்தும்
உறுமிடத் துதவா துவர்நில மூட்டியும்
வரையா மரபின் மாரி போல

வத்துன குளத்துலயும் பெய்யும், வயல்லயும் பெய்யும், வேணுங்கிற எடத்துல பெய்யாம களர் நிலத்துலயும் போயி ஊத்தும், வரைமுறையே கிடையாது. இங்க ஐப்பசியில வந்து பாத்தா தெரியும், தாண்டிக்குடியில ரோடு அடிச்சிட்டுப் போற மாதிரி கொட்டும், அதே நேரம் ஒட்டன்சத்திரத்துக்கு போன் போட்டா இங்க வெயில்ங்கண்ணு சொல்லுவாங்க. அந்த மழை மாதிரி தான்யா நீ குடுக்கிறதுன்னு ஒரு ராசா மூஞ்சிக்கு நேரா சொல்றது புகழ்ச்சியா கேலியா? பேகன் குடுக்கிறதுல மடையன், ஆனா படைன்னு வந்தா மடையன் இல்லன்னு முடிக்கிறாரு, "கொடைமடம் படுதல் அல்லது படைமடம் படான்". கொடைமடம், படைமடம், ஒரே சொல்லை ரெண்டு பக்கமும் வெச்சு முரண் தொடை. முதல் பாதியில குத்துனதை ரெண்டாவது பாதியில தடவிக் குடுத்துடறாரு. பரிசில் வாங்கப் போன எடத்துல இதுக்கு மேல எப்படி உண்மை பேச முடியும்.

இதே பேகன் பொண்டாட்டி கண்ணகியை விட்டுட்டு வேற வீட்டுல இருந்தப்ப கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார்னு நாலு புலவருங்க சொல்லி வெச்ச மாதிரி போயி பாடிருக்காங்க, புறநானூறு 143லருந்து 147 வரைக்கும். குடும்பப் பஞ்சாயத்து தான், வேற என்ன. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது 145, அதுவும் பரணர் தான்:

மடத்தகை மாமயில் பனிக்குமென் றருளிப்
படாஅம் ஈத்த கெடாஅ நல்லிசைக்
கடாஅ யானைக் கலிமான் பேக

படாஅம், கெடாஅ, கடாஅ. மூணு அளபெடை, அதாவது எழுத்தை நீட்டிச் சொல்றது, வரிசையா. பரீட்சையில செய்யுளிசை அளபெடைன்னு எழுதுனா மார்க்கு வந்துடும், ஆனா வாய்விட்டுப் படிச்சாத் தான் அது எதுக்குன்னு தெரியும். அந்த "அ"வை எடுத்துட்டு படாம், கெடான்னு படிச்சா அது ஒத்தை அசையா நின்னு சீர் நொண்டும், நீட்டிச் சொன்னா நிரை நேர்னு ரெண்டு அசையாகி புளிமாங்கிற சீரா வந்து உக்காந்துடும். டா டான்னு எதுகை வேற அடிக்குது. ராசாவைக் கூப்பிடுற தோரணை அது, சபையில எல்லாரும் திரும்பிப் பாக்கணும். அப்படிக் கூப்பிட்டுட்டு என்ன கேக்குறாரு தெரியுமா, நாங்க பசின்னு வரல, எங்களுக்குச் சுமக்க வேண்டிய குடும்ப பாரமும் இல்ல, யாழ் இசையில சொக்கிப் போறவங்க நடுங்குற மாதிரி வாசிச்சு உன்கிட்ட கேக்குற பரிசு ஒண்ணு தான், இன்னைக்கு ராத்திரியே தேர்ல ஏறிப் போயி அங்க கஷ்டப்படுறவ துயரத்தைத் தீத்து வை.

மயில் பனிக்கும்னா நடுங்கும்னு அர்த்தம். யாழ் கேக்குறவங்களும் நடுங்குறாங்க. வீட்டுல இருக்கிறவ நடுங்குறான்னு மட்டும் எங்கயும் சொல்லல பாருங்க. ஒரு பறவை குளுர்ல நடுங்குதுன்னு போர்வை போத்துனவனுக்கு அதைச் சொல்லியா காட்டணும்? இதுக்கு தண்டியலங்காரத்துல என்ன பேருன்னு தேடிட்டு உக்காரத் தேவையில்லன்னு அக்கா மககிட்ட சொன்னேன், "அப்ப மார்க்கு வராதா சித்தி"ன்னா. (மயிலுக்கு இப்ப யாரும் போர்வை குடுக்கிற நெலமையில இல்லங்கிறது வேற விஷயம், அடிவாரத்துல சோளம் போட்டவங்ககிட்ட கேட்டுப் பாருங்க.)

குறிஞ்சிக்கு வரலாம். கொடைக்கானல் பக்கம் 2018ல பூத்துச்சு, இனிமே 2030. குறுந்தொகையில மூணாவது பாட்டு, தேவகுலத்தார் பாடினது, எல்லாருக்கும் தெரிஞ்சது தான்:

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரள வின்றே சாரல்
கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே

இதுல போல, அன்ன எதுவுமே கிடையாது. தலைவி தன் காதலனோட இருக்கிற நட்பைச் சொல்ல, நிலத்தை விட, வானத்தை விட, கடலை விடன்னு ஒவ்வொண்ணா சொல்லித் தள்ளி விட்டுட்டே வர்றா. மலைக்காரனைப் பத்திப் பேசுறவ மலையை மட்டும் அந்தத் தட்டுல வெக்கல, அது அவனோடதாச்சே. மூணாவது அடியை எண்ணிப் பாருங்க, மத்த அடியெல்லாம் நாலு சீர், இது மட்டும் மூணு. நேரிசை ஆசிரியப்பாவுல ஈத்துக்கு முந்தின அடி அப்படித் தான் குறையும்னு விதி இருக்கு, ஆனா விதிப்படி குறைஞ்ச எடத்துல சரியா குறிஞ்சிப் பூவைக் கொண்டு வந்து வெச்சா மூச்சு ஒரு நொடி நிக்குது, அடுத்த அடியில பெருந்தேன்னு பெருசா எறங்குது. கருங்கோல், பெருந்தேன்னு எதுகையும் அங்கயே.

இன்னொண்ணு, பாட்டுல வண்டுங்கிற சொல்லே இல்ல, கவனிச்சீங்களா. தேன் இழைக்குதுன்னு மட்டும் தான் இருக்கு. எங்க மலையில பாறை எடுப்புல தொங்குற பெரிய தேனடையைப் பளியர் பழங்குடி ஆளுங்க எறக்கிட்டு வரும்போது பாத்திருக்கேன், ஆள் ஒசரத்துக்குக் கொஞ்சம் தான் கம்மி, அது பூவைத் தொட்டுட்டுப் பறந்து போற பூச்சியோட வேலை இல்ல, வந்து தங்கிக் கூடு கட்டுறதோட வேலை. இந்தப் பாட்டைச் சொல்லும்போது அவன் வேலிக்கு அந்தப் பக்கம் ஒளிஞ்சு நிக்கிறான், தோழி அவனைத் திட்டுறா, இவ விட்டுக் குடுக்காமப் பேசுறா. பேசுறது தோழிகிட்ட, போயிச் சேர வேண்டியது வேலிக்கு அந்தப் பக்கம். எப்ப கல்யாணம் பண்ணிக்கப் போறேன்னு கேக்குறதை விட இது ரொம்ப உறைக்கும்.

அருணகிரிநாதர் பழனிக்குப் பாடின "நாத விந்து கலாதீ நமோநம" பத்தி எழுத ஆரம்பிச்சா இன்னைக்கு முடியாது, சந்தம் தனியா ஒரு போஸ்ட்டா போடணும். தைப்பூசத்துக்குக் கால் வலியோட நடக்கிறவங்களுக்கு அர்த்தம் தெரியுதோ இல்லையோ தாளம் தூக்கிட்டுப் போயிடும்னு மட்டும் இப்போதைக்கு.

கடைசியா சிலேடை, அதாவது ஒரே வரி ரெண்டு பொருளுக்குப் பொருந்துறது, ஏன்னா வாழைப்பழம் எங்க ஏரியா. காளமேகப் புலவர் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவுல அடைச்சிருக்காரு, "நஞ்சிருக்கும் தோலுரிக்கும்"னு தொடங்கும். பாம்புக்கு நஞ்சு விஷம், பழத்துக்கு நைஞ்சு போனது. தோலுரிக்கிறது ரெண்டுக்கும் பொருந்துது, சிவன் தலைமேல ரெண்டும் இருக்கும், அபிஷேகத்துல பழம், சடையில பாம்பு. கோவத்துல பல்லு பட்டா மீளாது, பழமும் தான், வாய்க்குள்ள போனது எங்க திரும்பி வரும். எல்லாம் அருமை, எனக்கு ஒரே ஒரு சண்டை தான் அவரோட. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போற விருப்பாட்சி மலைவாழையில தண்ணிப் பசை கம்மி, அதனால தான் பஞ்சாமிர்தம் அத்தனை நாள் தாங்குது, சீக்கிரத்துல நைஞ்செல்லாம் போகாது. அவரு பாடினது எங்க பழம் இல்ல, கீழ்நாட்டுல எங்கயோ சாப்பிட்டுட்டுப் பாடிருக்காரு.