பல்லிக் குடலில் ஒரு புது உருளைப்புழு

பல்லியின் பெருங்குடலைத் திறந்தால் பல சமயம் வெள்ளை நூல் துணுக்குபோல உருளைப்புழுக்கள் நெளியும். நான் வேலை செய்த பாராஃபாரிங்கோடான் பேரினம், குழந்தைகளுக்கு வரும் கீரிப்பூச்சியின் வகைப்பாட்டு வரிசையைச் சேர்ந்தது. 'இது புதுசு' என்று சந்தேகம் வருவது சுலபம். அதை நிரூபிக்கத்தான் காலம் பிடிக்கும்.

முதல் தேவை ஆண் புழு. இந்தப் பேரினத்தில் இனங்களைப் பிரிப்பதில் ஆணின் வாலுக்குத்தான் முக்கிய இடம். கழிவுத்துளையைச் சுற்றி உணர்மொட்டுகள் எத்தனை ஜோடி, அதன் முன்னுதடு வழவழப்பா முள்முள்ளா, இனச்சேர்க்கைக்கு உதவும் முள்போன்ற ஒற்றை ஸ்பிக்யூலின் நீளம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பெண் புழுக்கள் தாராளமாகக் கிடைத்தன, ஆண் அபூர்வம். (இந்த வரிசையில் கருவுறாத முட்டையிலிருந்துதான் ஆண் பிறக்கிறது, எனக்கு இன்றும் வியப்பு.)

உயிருள்ள புழுவை உப்புநீரில் கழுவி, சூடான 70% ஆல்கஹாலில் போட்டால் நீட்டி நிமிர்ந்து சாகும். ஆறிய ஆல்கஹாலில் சுருண்டுகொள்ளும், சரியாக அளக்க முடியாது. அப்புறம் லாக்டோஃபீனாலில் வைத்தால் உடல் தெளிந்து உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். கவர்ஸ்லிப்பை ஊசிமுனையால் நகர்த்தி நகர்த்திப் புழுவை உருட்டுவேன். வால் சரியாக வயிற்றுப்பக்கம் திரும்பும்போது மொட்டுகள் ஜோடி ஜோடியாகத் தெரியும். உடனே வரைந்துவிட வேண்டும், மறுபடி உருண்டால் போச்சு.

ஒப்பீடுதான் நீண்ட வேலை. 1933இல் சாட்டர்ஜி உருவாக்கிய இந்தப் பேரினத்தைத் தெலாண்ட்ரோஸ் என்ற இன்னொரு பேரினத்தோடு சேர்ப்பதா பிரிப்பதா என்று நெடுநாள் விவாதம் நடந்தது. அதனால் இரண்டின் இனங்களையும் படித்தேன். சில பழைய விவரிப்புகளில் ஒன்றிரண்டு பத்தியும் ஒரு படமும்தான். டிஎன்ஏவுக்குப் புழுவின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, தலையையும் வாலையும் ஸ்லைடில் வைத்தேன். அந்த டிஎன்ஏ வரிசை எந்தப் புழுவின் உடலுடையது என்று பிறகு யாரும் சரிபார்க்கலாம்.

இந்தியாவில் 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி புது இனத்தின் மாதிரியை அங்கீகரித்த காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். ஹோலோடைப் (புதுப் பெயருக்கு ஆதாரமான தனி மாதிரி) எது என்று கட்டுரையிலேயே தெளிவாகக் குறிக்க வேண்டும். மின்னிதழில் வெளியிட்டால் விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான ஸூபேங்கில் பதிவும் வேண்டும், இல்லாவிட்டால் பெயர் செல்லாது. இவற்றைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

பல்லி ஆய்வு செய்யும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாதிரியை ஃபார்மலினில் போடுவதற்கு முன் குடலைத் தனியாக எடுத்து ஆல்கஹாலில் வையுங்கள். ஃபார்மலின் பட்ட புழுவில் டிஎன்ஏ எடுப்பது பெரும்பாடு.