நான்கு மணி நேரக் கரண்டில் டெபியன் 13

யாங்கோனில் எங்கள் பேட்டை அம்மன் கோயிலை ஒட்டி ஒரு மண்டபம் இருக்கிறது. சனி, ஞாயிறு மாலைகளில் அங்கே தமிழ் வகுப்பு நடக்கும். வாரம் முழுக்கப் பள்ளியில் பர்மிய மொழியில் படிக்கிற பிள்ளைகள் அந்த இரண்டு நாள்தான் தமிழ் எழுத்தைத் தொடுகிறார்கள். வகுப்புக்கென்று 6 கணினிகள் வைத்திருக்கிறோம். எல்லாம் அலுவலகங்களில் கழித்துக் கொடுத்தவை. அவற்றில் ஓடுவது டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். பழைய இயந்திரத்திலும் ஓடுகிறது, காசு கேட்பதில்லை, தமிழும் பர்மிய எழுத்தும் ஒரே பெட்டியில் ஒழுங்காகத் தெரிகின்றன. எங்களுக்கு வேறு என்ன வேண்டும்?

2025 செப்டம்பரில் இவற்றை டெபியன் 12இலிருந்து 13க்கு மாற்றினேன். நல்ல இணையமும் இருபத்து நான்கு மணி நேரக் கரண்டும் உள்ள ஊரில் ஒரே நாளில் முடிகிற வேலை. எனக்கு மூன்று வாரம் ஆனது. கரண்ட் முறை வைத்து வருகிற ஊர்களில் இதே வேலையைச் செய்யப்போகிறவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

டெபியன் 13, 'ட்ரிக்ஸி' என்ற பெயரோடு 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளிவந்தது. நான் அன்றே கை வைக்கவில்லை. செப்டம்பர் 6இல் 13.1 வந்தது. முதல் திருத்தப் பதிப்பு வரும்வரை காத்திருப்பது என் பழக்கம். பிள்ளைகள் பயன்படுத்தும் கணினியில் அவசரம் தேவையில்லை. அதற்காக ஒரேயடியாகத் தள்ளிப்போடவும் முடியாது, டெபியன் 12க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 ஜூனோடு முடிகின்றன. அக்டோபர் 2 விஜயதசமி. அன்று புதுப் பிள்ளைகள் சேர்வார்கள், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நாள் குறித்துக்கொண்டேன்.

முதலில் செய்தது டெபியன் 13இன் வெளியீட்டுக் குறிப்பைப் படித்தது. நீளமான ஆவணம்தான். ஆனாலும் தயவுசெய்து படியுங்கள். அதைப் படித்ததால்தான் இரண்டு கணினிகள் தப்பின.

காரணம் 32 பிட், அதாவது சிப் ஒரே தடவையில் கையாளும் எண்ணின் அளவு. டெபியன் 13இல் பழைய 32 பிட் கணினிகளுக்கு நிறுவியும் இல்லை, இயங்குதளத்தின் மையமான கெர்னலும் இல்லை. அப்படிப்பட்ட கணினியை மேம்படுத்தவே வேண்டாம் என்று குறிப்பிலேயே இருக்கிறது. எங்கள் ஆறில் இரண்டு 32 பிட் என்று காட்டின. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஒன்று கோர் 2 டுவோ. அதன் சிப் 64 பிட்தான். எப்போதோ யாரோ 32 பிட் டெபியனை நிறுவிவிட்டுப் போயிருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொள்ள 'எல்எஸ்சிபியு' கட்டளை போதும். சிப் எந்தெந்த முறையில் ஓடும் என்று மேலேயே ஒரு வரி வரும். அதில் 64 பிட்டும் இருந்தால் பயமில்லை, கோப்புகளை எடுத்து வைத்துவிட்டுப் புதிதாக 64 பிட் டெபியனை நிறுவலாம். இன்னொன்று மோல்மேன் நகரத்திலிருந்து வந்த சின்ன மடிக்கணினி. அதில் இருப்பது ஆட்டம் என்270. அந்தச் சிப்புக்கு 64 பிட் தெரியாது. அதை டெபியன் 12இலேயே விட்டுவிட்டேன். இப்போது அது இணையத்தோடு சேராமல் தட்டச்சுப் பயிற்சிக்கு மட்டும் இருக்கிறது.

இந்த 32 பிட் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. கணினி நேரத்தை 1970 ஜனவரி 1இலிருந்து நொடிக் கணக்காக எண்ணுகிறது. அந்த எண்ணை 32 பிட்டுக்குள் வைத்தால் 2038 ஜனவரி 19 அன்று இடம் தீர்ந்துவிடும். டெபியன் 13இல் பழைய 32 பிட் இன்டெல் வகையைத் தவிர மற்ற எல்லா வகைகளுக்கும் இந்த எண் 64 பிட் ஆகிவிட்டது. அதற்காக ஆயிரக்கணக்கான பொதிகளை, அதாவது நிரல் தொகுப்புகளை, திரும்பக் கட்டியிருக்கிறார்கள். பலர் சேர்ந்து செய்த வேலை இது. எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை.

இனி கரண்ட் கதை. எங்கள் பேட்டையில் 4 மணி நேரம் வரும், 8 மணி நேரம் இருக்காது. முதல் வாரம் எங்கள் முறை அதிகாலை 1 முதல் 5 வரை, பிறகு பகல் 1 முதல் 5 வரை. இணையம் என்பது என் கைபேசி டேட்டாதான். ஒரு கணினிக்கு இறக்க வேண்டியது கிட்டத்தட்ட 1.3 ஜிபி. அதை ஐந்து முறை இறக்கக் கட்டுப்படியாகாது. அதனால் இறக்குவதைத் தனியாகவும் ஏற்றுவதைத் தனியாகவும் பிரித்தேன். இந்த அனுபவத்தில் எனக்கு மிகவும் உதவிய முடிவு இதுதான்.

ஒரு கணினிப் பெட்டியை மட்டும் வீட்டுக்குத் தூக்கி வந்தேன். டெபியன் 12இல் பாக்கியிருந்த திருத்தங்களை எல்லாம் முதலில் போட்டேன். பிறகு பொதி மூலங்களின் பட்டியல் கோப்பில் டெபியன் 12இன் பெயரான 'புக்வோர்ம்' என்று இருந்த இடமெல்லாம் 'ட்ரிக்ஸி' என்று மாற்றினேன். பட்டியலைப் புதுப்பித்து, முழு மேம்படுத்தல் கட்டளையோடு 'டவுன்லோட் ஒன்லி' என்ற சொல்லையும் சேர்த்துக் கொடுத்தேன். இப்படிக் கொடுத்தால், பொதிகளை இறக்கி நிறுவும் நிரலான ஆப்ட் எதையும் நிறுவாது, டெப் என்ற பொதிக் கோப்புகளை இறக்கி வைப்பதோடு நிறுத்திக்கொள்ளும். நடுவில் கரண்டோ சிக்னலோ போனாலும் அடுத்த தடவை விட்ட இடத்திலிருந்து தொடரும். அதிகாலை 2 மணிக்கு மேல் டேட்டா நன்றாக ஓடுகிறது. மூன்று இரவுகளில் 1,400க்கும் மேற்பட்ட பொதிகள் இறங்கின.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'ஆப்ட்' கட்டளை கொண்டு நிறுவினால், முடிந்ததும் இறக்கிய டெப் கோப்புகளை அதுவே அழித்துவிடும். பழைய 'ஆப்ட்-கெட்' அப்படி அழிக்காது. ஆகவே முதல் கணினியில் நிறுவத் தொடங்கும் முன்பே எல்லா டெப் கோப்புகளையும் பென்டிரைவில் நகலெடுத்துவிடுங்கள். மற்ற கணினிகளில் அதே கோப்புகளை ஆப்ட்டின் ஆர்க்கைவ்ஸ் அடைவில் போட்டால் போதும். பட்டியலை மட்டும் இணையத்தில் புதுப்பித்துக்கொள்ள வேண்டும், அது சில பத்து எம்பிதான். ஆப்ட் தனக்கு வேண்டிய கோப்பு ஏற்கெனவே இருப்பதைப் பார்த்து எடுத்துக்கொள்ளும். விட்டுப்போன ஓரிரண்டை மட்டும் இறக்கும்.

நிறுவுவதை இரண்டு படியாகச் செய்யச் சொல்கிறது குறிப்பு. முதலில் புதுப் பொதி எதையும் சேர்க்காமல் இருப்பதை மட்டும் உயர்த்துவது, அப்புறம் முழு மேம்படுத்தல். இதை வரைகலைத் திரைக்குள் இருந்து செய்யாதீர்கள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வெறும் எழுத்துத் திரை வரும். அங்கே உள்நுழைந்து செய்தால், நடுவில் டெஸ்க்டாப் செத்தாலும் வேலை ஓடிக்கொண்டிருக்கும். நாம் கைவைத்து மாற்றிய அமைப்புக் கோப்பைப் பார்த்தால் நிறுத்தி, உன்னுடையதை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா என்று கேட்கும். எண்டர் தட்டினால் நம்முடையது அப்படியே இருக்கும். நான் எல்லாவற்றுக்கும் எண்டர்தான் தட்டினேன்.

முதல் இரண்டு கணினிகள் சொன்னபடி கேட்டன. ஒன்றுக்கு 50 நிமிடம், பழைய ஹார்ட் டிஸ்க் உள்ளதற்கு ஒன்றரை மணி நேரம்.

மூன்றாவதில்தான் அடி விழுந்தது. அந்த வாரம் எங்கள் முறை மாலை 5 முதல் 9 வரை. 7.20க்குத் தொடங்கினேன். 9 மணிக்குள் முடிந்துவிடும் என்று கணக்கு. 8.10க்கே கரண்ட் போய்விட்டது. மண்டபத்து இன்வெர்ட்டர் பிடித்துக்கொண்டது. வழக்கமாக அது ஒரு மணி நேரம் தாங்கும். ஆனால் அன்று விளக்குகளும் இரண்டு மின்விசிறியும் அதிலேயே ஓடின. பேட்டரியும் பழசு. ஆறாவது நிமிடம் 'பீப்' என்று ஒரு சத்தம். திரையில் பொதிகள் வரிசையாகப் பிரிந்துகொண்டிருந்தன, ஒரு வரி பாதியில் நிற்க எல்லாம் இருண்டது. என்னோடு வேலை செய்துகொண்டிருந்த பத்தாம் வகுப்புப் பையன், "அண்ணே, டிஸ்க் போயிடுச்சா?" என்றான். எனக்கும் தெரியவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது. அந்தக் கணினியில்தான் பிள்ளைகள் மூன்று வருடமாக எழுதிய கட்டுரைகள் இருந்தன. நகல் வைத்திருந்தேன் என்றாலும் அந்த நேரத்தில் மனசு கேட்கவில்லை.

மறுநாள் விடியற்காலை 5 மணி முறைக்குப் போய்ப் பெட்டியை உயிர்ப்பித்தேன். டெஸ்க்டாப் வரவில்லை. 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று அடைப்புக்குறிக்குள் ஒரு சொல், பக்கத்தில் துடிக்கும் கோடு. மேலே, வட்டில் எதிர்பாராத முரண்பாடு இருக்கிறது, வட்டைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே கட்டளையை நீயே ஓட்டு என்று ஒரு செய்தி. பயமுறுத்துகிற திரைதான், ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. செய்தியில் இருந்த வட்டுப் பகுதியின் பெயரைப் பார்த்து, எஃப்எஸ்சிகேயோடு 'ஒய்' சேர்த்துக் கொடுத்தேன். வரிவரியாகச் சரிசெய்துகொண்டு போனது. முடிந்ததும் 'எக்ஸிட்' என்று தட்டினேன். கணினி எழுந்தது. டெஸ்க்டாப் இல்லை, எழுத்துத் திரை மட்டும். அதுவே பெரிய நிம்மதி.

உள்நுழைந்து ஆப்ட்டைக் கூப்பிட்டால், அதற்கு அடியில் பொதிகளைப் பிரித்து நிறுவும் டிபிகேஜி பாதியில் நின்றுவிட்டது, முதலில் அதைச் சரிசெய் என்று கட்டளையையும் சேர்த்தே காட்டியது. டிபிகேஜிக்கு 'கான்ஃபிகர்', 'ஏ' என்ற இரண்டையும் கொடுத்து ஓட்டினேன். பாதியில் நின்ற பொதிகளை ஒவ்வொன்றாக முடித்தது. சிலவற்றில் முட்டிக்கொண்டது. ஆப்ட்டின் 'ஃபிக்ஸ் புரோக்கன்' கட்டளையை ஓட்டிவிட்டு மறுபடி அதையே கொடுத்தேன், இந்தத் தடவை தாண்டியது. பிறகு முழு மேம்படுத்தலைத் திரும்பத் தொடங்கினேன். டெப் கோப்புகள் வட்டிலேயே இருந்ததால் இணையமே தேவைப்படவில்லை. 7 மணிக்கு நீலத் திரையோடு உள்நுழைவுப் பெட்டி வந்தது. பையனை அழைத்துச் சொன்னேன். கட்டுரைகள் அத்தனையும் இருந்தன.

அதற்குப் பிறகு ஒரு ஏற்பாடு செய்தோம். அடுத்த தெரு அண்ணன் வீட்டில் சோலார் பேட்டரி இருக்கிறது. மீதிக் கணினிகளை அங்கே தூக்கிக்கொண்டுபோய், கணினியும் ஒரே ஒரு திரையும் மட்டும் அந்த பேட்டரியில் மாட்டினோம். விசிறி, விளக்கு எதுவும் இல்லை. அந்த வீட்டு அக்கா எங்களுக்கு மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) வாங்கி வைத்துவிட்டு, "இன்னும் எத்தனை பெட்டி தம்பி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டு நாளில் முடிந்தது.

முடிந்தபின் வந்த சிக்கல்கள் இரண்டு. ஒரு கணினியில் தமிழ் விசைப்பலகை வரவில்லை. 'ஐஎம்-கான்ஃபிக்' திறந்து பல மொழித் தட்டச்சுக்கான ஐபஸ்ஸை மறுபடி தேர்ந்தெடுத்து, வெளியேறி உள்நுழைந்ததும் தமிழ்99 விசைப்பலகை வந்துவிட்டது.

இரண்டாவது கொஞ்சம் குழப்பியது. கோயிலின் பழைய கணக்குப் புத்தகங்களை ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறோம். தாத்தாக்கள் காலத்துக் கையெழுத்து, தாள் தொட்டால் உதிர்கிறது. அந்தப் படங்களைச் சேர்த்து ஒரே பிடிஎஃப் ஆக்கும்போது, வட்டில் இடம் இல்லை என்று நின்றது. பார்த்தால் 80 ஜிபி காலி. குறிப்பைத் திரும்பப் புரட்டியபோதுதான் புரிந்தது. டெபியன் 13இல் தற்காலிகக் கோப்புகளுக்கான 'டெம்ப்' அடைவு வட்டில் இல்லை, ராமில் இருக்கிறது. ராமில் பாதிவரைதான் அதற்கு இடம். அந்தக் கணினியில் ராம் 2 ஜிபி. அதாவது டெம்ப்புக்கு 1 ஜிபி. பிடிஎஃப் நிரல் தற்காலிகக் கோப்புகளை அங்கே கொட்டியதும் நிரம்பிவிட்டது. 'சிஸ்டம்சிடிஎல்' கட்டளையில் 'டெம்ப் மவுன்ட்'டை 'மாஸ்க்' செய்து மறுதொடக்கம் செய்தால் பழையபடி வட்டுக்கே வந்துவிடுகிறது. ராம் குறைவான கணினி வைத்திருப்பவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள். ராமில் இருக்கும் டெம்ப் கணினியை அணைத்தால் காலியாகிவிடும் என்பதையும் வகுப்பில் சொல்லிவிட்டேன்.

எழுத்துருக்களில் ஒரு சிக்கலும் இல்லை. இதை எழுதும்போதே மகிழ்ச்சியாக இருக்கிறது. இங்கே பல வருடம் பர்மிய எழுத்துக்கு ஸௌஜி என்ற முறைதான் எல்லாக் கைபேசியிலும் இருந்தது. உலகப் பொது முறையான யுனிகோடில் எழுதினால் அதில் உடைந்து தெரியும், அதில் எழுதினால் யுனிகோடில் உடையும். 2019 அக்டோபர் 1 அன்று நாடே யுனிகோடுக்கு மாறுவது என்று தொடங்கினார்கள். தமிழிலும் எங்கள் பழைய அழைப்பிதழ்க் கோப்புகள் யுனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் கிடந்தன. இரண்டு மொழியிலும் அந்த அவதியைப் பட்டவர்கள் நாங்கள். இன்று ஒரே பக்கத்தில் இரண்டு எழுத்தும் ஒழுங்காக நிற்கின்றன.

விஜயதசமி அன்று ஐந்து கணினிகளும் தயாராக இருந்தன. பச்சரிசியில் 'அ' எழுதிய கையோடு ஒரு சின்னப் பெண் விசைப்பலகை முன் உட்கார்ந்தாள். தமிழ்99இல் 'அ' இருப்பது ஆங்கில 'ஏ' விசையில். 'அம்மா' என்பதற்கு நான்கே விசை: அ, ம, ம, ஆ. 'ம' இரண்டு தடவை அழுத்தினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். அந்தப் புள்ளி எப்படி வந்தது என்று கேட்டு, அழித்து, மறுபடி அடித்துப் பார்த்தாள்.

பென்டிரைவ் இப்போது மோல்மேனுக்குப் பேருந்தில் போகிறது. அங்கேயும் ஒரு தமிழ் வகுப்பில் டெபியன் 12தான் ஓடுகிறது. கூடவே ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன்: முதலில் எல்எஸ்சிபியு பாருங்கள், பேட்டரியில் விசிறி மாட்டாதீர்கள், நகலெடுத்த பிறகே நிறுவுங்கள்.