அளந்து வைத்த வீடுகள்

1981 மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் நடந்த வன்முறையில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் எரிந்து போயின. அச்சு நூல்கள் பலவற்றை வேறெங்காவது தேடிப் பெறலாம் என்ற ஆறுதலேனும் இருந்தது. வேறு படி இல்லாத சுவடிகளுக்கு அதுவும் இல்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பரமேஸ்வராக் கல்லூரி வளாகத்தில் 1974 இல் தொடங்கிய எங்கள் பல்கலைக்கழகத்தில் நான் வரலாறு கற்பித்த காலம் முழுவதும் இந்த இழப்பே என் வேலைக்குத் திசை காட்டியது.

நூலுக்குப் படி எடுக்கலாம். நகரத்துக்கு எப்படி எடுப்பது? 1706 இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) யாழ்ப்பாணக் கோட்டைக்குள் கட்டிய தேவாலயம் 1990 ஆம் ஆண்டுச் சண்டையில் அழிந்தது. அதற்காவது பழைய படங்களும் குறிப்புகளும் உண்டு. நடுவே முற்றம் கொண்ட நாற்சார் வீட்டையும் கூரை வேய்ந்த வாயிலான சங்கடப்படலையையும் சுமைதாங்கியையும் கேணியையும் யாரும் சின்னமாகக் கருதவில்லை. ஆனால் இந்த நகரத்தின் வாழ்வு அவற்றில்தான் நடந்தது. ஆகவே ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புக் கேட்டு வரும் மாணவர்களை அவரவர் ஊரையே அளந்து எழுதுமாறு தூண்டினேன். இந்த வேலைக்குப் பல்கலைக்கழகத்தை விடப் பொருத்தமான நிறுவனம் இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன், ஏனெனில் வேறு எந்த நிறுவனத்துக்கும் ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு சொந்த வீடுள்ள ஆய்வாளர்கள் இருக்கவில்லை.

அது போர்க்காலம். மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடையால் ஒளிப்படச் சுருளும் பற்றரியும் கிடைப்பது அரிது. அளவுநாடாவும் பென்சிலும் எழுதி முடித்த தாள்களின் பின்பக்கமுமே கருவிகள். முற்றத்தின் நீள அகலம், தூண்களின் இடைவெளி, திண்ணையின் உயரம், கூரையைத் தாங்கும் பனஞ்சிலாகைகளின் எண்ணிக்கை என்று பகலில் குறித்தவற்றை இரவில் ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் திருத்தமாக வரைவார்கள். வெடியோசைக்கிடையே ஒருவர் வீட்டை அளந்தால் ஐயம் எழுவது இயல்பு. வண்ணார்பண்ணையில் ஓர் ஆச்சி, "எதுக்குப் பிள்ளையள் என்ர வீட்டை அளக்கிறியள்?" என்று மறித்தார். "படம் கீறி வைக்கத்தான் ஆச்சி" என்றதும் சற்று யோசித்துவிட்டு, "அப்ப கிணத்தடியையும் கீறுங்கோ" என்று தாமே முன்னால் நடந்து, நீரிறைக்கும் துலாவின் அச்சுமரம் எந்த ஆண்டில் மாற்றப்பட்டது என்பதுவரை சொன்னார்.

1995 ஒக்டோபர் 30 இல் யாழ்நகரை உள்ளடக்கிய வலிகாமப் பகுதியே போரால் இடம்பெயர்ந்தபோது எவரும் வீட்டைத் தூக்கிச் செல்ல முடியவில்லை. ஒரு மடிப்புத் தாளைப் பைக்குள் வைக்க முடிந்தது. திரும்பி வந்து கூரையற்ற சுவர்களைக் கண்ட குடும்பங்களிற் சில, தம் பிள்ளைகள் வரைந்த படத்தைப் பார்த்தே தூண்களைப் பழைய இடத்தில் நிறுத்தின.

அந்தக் கட்டுரைகளின் தாள்கள் இப்போது பழுத்து நொறுங்கத் தொடங்கியுள்ளன. 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்திவரும், அதாவது கணினியில் படியாக்கிவரும், நூலகம் நிறுவனம் போன்ற முயற்சிகள் நம் கண்முன்னே இருக்கையில், படங்கள் இணைந்த ஒவ்வொரு கட்டுரையும் ஊர்ப்பெயரோடு எண்ணிமப்படுத்தப்பட வேண்டும். அதன் படிகள் யாழ்ப்பாணத்துக்கு வெளியிலும் இரண்டு மூன்று இடங்களில் வைக்கப்பட வேண்டும். வரைந்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே அளவுகளை அவர்களிடம் சரிபார்த்துக்கொள்வதும் அவசரமான வேலை.