டார்ஜிலிங் ரயில் ஆல்பத்தைப் பார்க்க இவ்வளவு அலைச்சலா!

டார்ஜிலிங் மலை ரயிலின் பழைய படங்கள் உள்ள ஆல்பம் ஒன்றைப் பார்க்கக் கொல்கத்தாவில் ஒரு நூலகத்துக்குப் போனேன். ஆதார் இருந்தால் போதும் என்றுதான் மின்னஞ்சலில் எழுதியிருந்தார்கள். நேரில் போனால் கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், கல்லூரி லெட்டர்ஹெட்டில் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்றார். மின்னஞ்சலைக் காட்டினேன். அது வேறு செக்‌ஷன் அனுப்பியதாம்! சென்னையிலிருந்து அவ்வளவு தூரம் வந்தும் வெறுங்கையோடு திரும்பினேன். நினைத்தால் இன்னும் ஆத்திரமாக வருகிறது. நீங்கள் போவதாக இருந்தால், யார் என்ன சொன்னாலும் கடிதத்தைக் கையோடு கொண்டுபோங்கள்.

கடிதத்தோடு மறுபடி போனேன். 'ரயில்வே' என்று தேடினால் பட்டியலில் எதுவுமே வரவில்லை. அப்படி ஆல்பமே இல்லை என்று அதே ஆள் சாதித்தார். அந்தக் காலத்தில் வெள்ளைக்கார அதிகாரிகளும் தோட்டத்துரைகளும் ஸ்டூடியோவில் விற்ற படங்களை வாங்கி, தாங்கள் போன வழியை வைத்து ஒட்டிக்கொண்டார்கள். அதனால் ரயில் படங்கள் 'இமயமலைக் காட்சிகள்' மாதிரியான தலைப்புகளுக்குள் கிடக்கும். அந்தப் பெயரைச் சொன்னதும் உள்ளேயிருந்து ஓர் இளம் ஊழியர் உடனே எடுத்துவந்து கொடுத்தார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

1881-இல் திறந்த 2 அடி அகலப் பாதை, மாட்டுவண்டிச் சாலையை ஒட்டியே ஏறும் குட்டிப் பெட்டிகள், 'அகோனி பாயின்ட்' வளைவு. பார்த்ததும் அலுப்பெல்லாம் போய்விட்டது.

ஒரு எச்சரிக்கை. படத்தில் 'போர்ன் அண்டு ஷெப்பர்டு' என்று ஸ்டூடியோ பெயர் இருந்தால், அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான புகைப்படக்காரர் சாமுவேல் போர்ன் எடுத்தது என்று குறித்துவிடாதீர்கள். அவர் 1870-லேயே இந்தியாவை விட்டுப் போய்விட்டார்; ஸ்டூடியோ பெயர்தான் தொடர்ந்தது. பட்டியலில் போட்டிருக்கும் ஆண்டையும் அப்படியே நம்ப வேண்டாம். 1885 வாக்கில் எடுத்தது என்று போட்டிருந்த ஒரு படத்தில் இதே ரயில் பாதையின் பதாசியா வளைவு பளிச்சென்று தெரிகிறது. அந்த வளைவு போட்டதே 1919-இல்!

ஸ்கேன் கேட்கும்போது முழுப் பக்கமாகக் கேளுங்கள். எனக்குப் படத்தை மட்டும் வெட்டித்தான் தருவோம் என்றார்கள். பென்சிலில் எழுதிய ஊர்ப்பெயர்கள் போய்விட்டால் எந்த ஸ்டேஷன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மேலதிகாரியைப் பார்த்து வாதாடித்தான் முழுப் பக்கம் வாங்கினேன். கிளம்பும் முன் அந்த 1885-ஐத் திருத்தச் சொல்லி மனு எழுதிக் கொடுத்தேன். வாங்க யோசித்தார்கள். அப்புறம் 'பெறப்பட்டது' முத்திரை போட்ட நகலைக் கையில் வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.