'கொண்டை ஊசி': ஒரு எடிட்டிங் நாட்குறிப்பு

அக்டோபர் 18, குன்னூர்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை அப்பாவோடு பஸ்ஸில் வந்து எடுத்ததையெல்லாம் இன்றுதான் லேப்டாப்பில் ஏற்றினேன். இந்த மலைப்பாதையில் 30 வருஷம் பஸ் ஓட்டிய மனுஷர். 14 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றியும் அவர் வாயாலேயே சொல்ல வைத்திருக்கிறேன். படம் போனில், பேச்சு அவர் சட்டைப் பையில் வைத்த ரெக்கார்டரில். 12 நிமிஷப் படமாக வெட்ட வேண்டும். எந்த எடிட்டிங் மென்பொருளில்?

அக்டோபர் 19

யாரைக் கேட்டாலும் டாவின்சி ரிசால்வ் என்கிறார்கள். தப்பில்லை. இலவசப் பதிப்பிலேயே 4கே வரை எடுக்கலாம், நிறம் திருத்துவதில் கில்லாடி, ஒலிக்கென்றே ஃபேர்லைட் என்று தனிப் பக்கம். ஆனால் 16 ஜிபி ராம் இருந்தால்தான் நிம்மதி. என்னிடம் 8. பேச்சை மட்டும் பிரித்தெடுக்கும் வசதி காசு கொடுத்தால்தான். திறந்ததும் லேப்டாப் ஃபேன் போட்ட சத்தத்தில் அம்மா சமையலறைக்குப் போய் குக்கரைப் பார்த்துவிட்டு வந்தார்.

அக்டோபர் 21

இன்னொன்று. பேர் வேண்டாம். 'கொண்டை ஊசி' என்று தலைப்பு அடித்தேன். கொம்பு 'க'வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. கொண்டை அவிழ்ந்து கிடந்த மாதிரி. இனி எதை இறக்கினாலும் முதல் வேலை 'கொ' அடித்துப் பார்ப்பது.

அக்டோபர் 23

கேடென்லைவ். இலவசம், திறந்த மூலம். கொண்டை கலையவில்லை! பிராக்ஸி என்று ஒவ்வொரு கிளிப்புக்கும் சின்ன நகல் எடுத்துக்கொள்கிறது. நாம் நகலில் வெட்டலாம், கடைசியில் படம் அசலிலிருந்து வரும். 8 ஜிபிக்கு இது போதும். நல்ல மழை, கரண்ட் இரண்டு தடவை போனது.

அக்டோபர் 26

உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். ஆரம்பத்தில் சரியாக இருந்தது, போகப் போக விலகுகிறது. ரெக்கார்டரைத் திட்டினேன். குற்றவாளி போன். நொடிக்கு இத்தனை பிரேம் என்று நிலையாக எடுக்காமல், மூடுபனிக்குள் வெளிச்சம் குறைந்தால் அதுவும் பிரேமைக் குறைத்துக்கொள்கிறது. கிளிப் எல்லாவற்றையும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் கொடுத்து நிலையான பிரேம் வேகத்துக்கு மாற்றினேன். டிரைவர் மகனுக்கு ஹேண்ட்பிரேக் ஞாபகம் வர இத்தனை நாள்! வெட்டியதெல்லாம் வீண், மறுபடி முதலிலிருந்து.

அக்டோபர் 30

ஒலிக்கு ஆடாசிட்டி. வீடியோவுக்கு என்பதால் சாம்பிள் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை தடவை ஒலியை அளப்பது என்பதை, முதலிலேயே 48,000 ஹெர்ட்ஸ் வைத்துவிட்டேன். வெறும் இரைச்சல் மட்டும் உள்ள இரண்டு நொடியைக் காட்டிக்கொடுத்தால், அதே இரைச்சலை முழுப் பதிவிலும் தேடிக் குறைக்கிறது. ஆசைப்பட்டு அதிகம் இழுத்தேன். அப்பா குடத்துக்குள் உட்கார்ந்து பேசினார். பாதியாகக் குறைத்தேன். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடித்தொனியை வெட்டினால் காற்றுச் சத்தம் போகிறது, கூடவே இன்ஜின் உறுமலும் போகிறது. உறுமல் இல்லாமல் என்ன பஸ் படம்? ரெக்கார்டர் பேச்சில் மட்டும் வெட்டி, போனில் பதிந்த இன்ஜினைத் தனி டிராக்கில் தொடாமல் விட்டேன்.

நவம்பர் 2

அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். நான் இரண்டு நாள் உட்கார்ந்து திருத்திய பச்சை நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒன்பதாவது வளைவில், "நிறுத்துடா" என்றார்.

"இங்க ஃபர்ஸ்ட் போடாம ஒரு வண்டியும் ஏறாது. இது செகண்ட் கியர் சத்தம். எங்கிருந்துடா எடுத்துப் போட்ட?"

அந்த இடத்தில் போன் சரியாகப் பதியவில்லை என்று நான்காவது வளைவின் இன்ஜினை ஒட்டியிருந்தேன்.

நாளைக்கு முதல் பஸ்ஸில் ரெக்கார்டரோடு கிளம்ப வேண்டும். அப்பாவும் வருகிறாராம், ஸ்வெட்டரை எடுத்து வைத்துவிட்டார்.